வாரிசில்லாத மந்தையும் ஓநாய்க் கூட்டமும்: ஓரிகன் மாநிலம் உருவான விதம்

1841 பிப்ரவரியில் யூயிங் யங் என்பவர் இறந்துபோனார். உயில் எழுதி வைக்கவில்லை. மனைவி, மக்கள் என்று யாரும் பக்கத்தில் இல்லை. அவர் விட்டுப்போனது ஒரு பெரிய மாட்டு மந்தை, குதிரைகள், ஒரு மர அறுவை ஆலை, அப்புறம் அக்கம்பக்கத்தார் பலரோடும் பாதியில் நின்ற கொடுக்கல் வாங்கல். இது நடந்தது வில்லாமெட் ஆற்றுப் பள்ளத்தாக்கில், இன்றைய அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில். அன்றைக்கு அந்தப் பள்ளத்தாக்கில் நீதிமன்றம் கிடையாது, போலீஸ் கிடையாது, வரியும் கிடையாது. சொத்தை யார் பிரிப்பது, கடனை யார் வசூலிப்பது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அடக்கம் செய்யக் கூடியவர்கள் அங்கேயே அந்தப் பேச்சை எடுத்தார்கள். ஓரிகனின் முதல் அரசாங்கம் கிளம்பியது அந்தப் பேச்சிலிருந்துதான்.

ஓரிகன் வரலாறு என்றால் பொதுவாகச் சொல்லப்படும் காட்சி வேறு: வெள்ளைத் துணி போர்த்திய வண்டிகள், மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆறு மாதம் நடந்துவரும் குடும்பங்கள், கொலம்பியா ஆறு. அது பொய்யில்லை. ஆனால் பெருங்கூட்டமாக வண்டிகள் வந்து சேர்வதற்கு முன்பே அங்கே சட்டம் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அதற்குக் காரணம் சுதந்திர தாகம், மக்களாட்சிக் கனவு என்றெல்லாம் பின்னாளில் மேடையில் பேசினார்கள். ஆவணங்களைப் பார்த்தால் மாடு, ஓநாய், நிலம், இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றின் வழியே போனால் ஓரிகனின் முதல் இருபது ஆண்டுகள் நன்றாகவே விளங்கும்.

அங்கே அரசாங்கம் இல்லாமல் போனதற்கு ஒரு சர்வதேசக் காரணம் உண்டு. 1792-ல் ராபர்ட் கிரே என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர் கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்துக்குள் நுழைந்தார். அவருடைய கப்பலின் பெயர்தான் ஆற்றுக்கு வந்தது. 1811-ல் நியூயார்க் வணிகர் ஜான் ஜேக்கப் ஆஸ்டரின் ஆட்கள் முகத்துவாரத்தில் அஸ்டோரியா என்ற தோல் வணிகக் கோட்டையைக் கட்டினார்கள். போர்ச் சூழலில் 1813-ல் அதை பிரிட்டிஷ் கனடாவின் மாண்ட்ரியலைச் சேர்ந்த நார்த் வெஸ்ட் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். இப்படி இரு நாட்டுக்கும் உரிமைக் கதை இருந்ததால், 1818-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: இரு நாட்டவரும் அங்கே போகலாம், தொழில் செய்யலாம், மண் யாருக்கு என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த 'பிறகு' 1846 வரை இழுத்தது.

அதுவரை உண்மையான அதிகாரம் ஹட்சன் பே கம்பெனியிடம் இருந்தது. லண்டனில் அரச சாசனம் வாங்கி, வணிகம் என்று சொல்லிக்கொண்டு ஆட்சியும் நடத்தியதில் இது கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தம்பி மாதிரி. 1825-ல் கொலம்பியாவின் வட கரையில் ஃபோர்ட் வான்கூவரைக் கட்டியது. அதன் தலைவர் டாக்டர் ஜான் மெக்லாக்லின், ஆறடிக்கு மேல் உயரம், தோள் வரை நரைத்த முடி. ஆற்றுக்குத் தெற்கே உள்ள பகுதி என்றைக்காவது அமெரிக்கர் கைக்குப் போய்விடும் என்று கணக்குப் போட்ட கம்பெனி, அங்கே தோலுக்காக வேட்டையாடப்படும் பீவர் என்ற நீர்விலங்குகளை மிச்சமில்லாமல் பிடித்துத் தீர்த்துவிட உத்தரவிட்டது. பீவர் இல்லாவிட்டால் அமெரிக்கத் தோல் வேட்டைக்காரர்கள் ஏன் வரப்போகிறார்கள் என்ற யோசனை. வேட்டைக்காரர்கள் குறைந்தார்கள், சரி. ஆனால் விவசாயம் செய்ய வந்தவர்களை அது தடுக்கவில்லை.

கம்பெனியின் விதிப்படி, வேலைக்காலம் முடிந்த ஊழியர்களைக் கிளம்பிய இடமான கனடாவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். பழங்குடிப் பெண்களை மணந்து, பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்த பிரெஞ்சு கனடிய ஊழியர்கள் போக விரும்பவில்லை. மெக்லாக்லின் அவர்களைக் கணக்கேட்டில் ஊழியர்களாகவே வைத்துக்கொண்டு, வில்லாமெட் பள்ளத்தாக்கில் உழ அனுமதித்தார். அந்தப் பகுதிக்கு இன்றும் ஃப்ரெஞ்ச் ப்ரெய்ரி என்றுதான் பெயர். 1834-ல் ஜேசன் லீ தலைமையில் மெதடிஸ்ட் மிஷனரிகளும் அதே பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்கள்.

இவர்கள் வந்த பள்ளத்தாக்கு காலியாகக் கிடந்தது போலத் தெரிந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1830-ல் தொடங்கி மூன்று நான்கு ஆண்டுகள் ஒரு காய்ச்சல் அடித்தது. மலேரியா என்பது இன்றைய பெரும்பான்மைக் கருத்து. கொலம்பியாவின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்த சினூக் மக்களிலும், வில்லாமெட் பள்ளத்தாக்கின் கலபூயா மக்களிலும் பத்தில் ஒன்பது பேர் வரை செத்துப்போனார்கள். குடியேறிகள் வியந்து எழுதிய திறந்த புல்வெளிகளும் இயற்கை தந்தவை அல்ல. கலபூயாக்கள் ஆண்டுதோறும் தீ வைத்துப் பராமரித்து வந்த நிலம் அது.

இப்போது யங்கிடம் வருவோம். டென்னசியில் பிறந்தவர், தென்மேற்கில் பல ஆண்டுகள் பீவர் வேட்டையாடியவர். 1834-ல் கலிஃபோர்னியாவிலிருந்து குதிரைகளோடு ஓரிகன் வந்தார். அவருக்கு முன்பே கலிஃபோர்னியாவின் மெக்சிகோ ஆளுநரிடமிருந்து மெக்லாக்லினுக்கு ஒரு கடிதம் வந்துவிட்டது: வருகிற கூட்டம் குதிரைத் திருட்டுக் கூட்டம் என்று. கம்பெனிக் கடை அவருக்கு மூடப்பட்டது. அந்தப் பகுதியில் வேறு கடையே கிடையாது. அவமானம் யங்கின் மனதில் தங்கிவிட்டது. 1836 வாக்கில் ஒரு பெரிய இரும்பு அண்டாவை வாங்கி வந்து சாராயம் காய்ச்சும் வேலையில் இறங்கினார். மெதடிஸ்ட்டுகள் பதறினார்கள், மதுவிலக்குச் சங்கம் கூட்டினார்கள், செலவானதைக் கொடுத்துவிடுகிறோம் என்று மனு எழுதினார்கள்.

இந்த நேரத்தில் அமெரிக்க அரசு அனுப்பிய வில்லியம் ஸ்லேக்கம் என்ற கடற்படை ஆள் வந்து சேர்ந்தார். குடியேறிகளின் பெரிய குறை மாடுதான் என்பதை அவர் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். பள்ளத்தாக்கில் இருந்த மாடெல்லாம் கம்பெனி மாடு. மெக்லாக்லின் கறவை மாட்டை இரவல் தருவார், விலைக்குத் தரமாட்டார். கன்றும் கம்பெனிக்கே. இரவல் மாடு செத்தால் பணம் கேட்கமாட்டார், அது அவருடைய நல்ல குணம். ஆனாலும் எத்தனை ஆண்டு உழைத்தாலும் தொழுவத்தில் நிற்பது இன்னொருவன் மாடாகவே இருந்தது. 1837 தொடக்கத்தில் 'வில்லாமெட் கேட்டில் கம்பெனி' என்று பங்கு சேர்த்தார்கள். மெக்லாக்லினும் அதில் பங்கு வாங்கினார் என்பது வேடிக்கை. சாராய அண்டாவை ஓரமாக வைத்துவிட்டு யங் தலைமை ஏற்றார். ஸ்லேக்கம் தன் கப்பலிலேயே கூட்டத்தைக் கலிஃபோர்னியாவில் இறக்கிவிட்டார்.

தலைக்கு 3 டாலர் விலையில், காட்டு மாடுகளுக்குக் கொஞ்சம்தான் குறைந்த கலிஃபோர்னிய மாடுகள். ஆற்றில் இறங்க மறுக்கும், இறங்கினால் பாதி வழியில் திரும்பும். மலைப் பாதையில் பல தொலைந்தன. அக்டோபரில் சுமார் 630 மாடுகள் பள்ளத்தாக்கை எட்டின. அன்றோடு கம்பெனியின் மாட்டு ஏகபோகம் முடிந்தது. யங் தன் பங்கு மாடுகளோடு பள்ளத்தாக்கின் செல்வந்தர்களில் ஒருவரானார். குதிரைத் திருடன் என்ற பெயரை எல்லாரும் மறந்துபோனார்கள். நான்கு ஆண்டுகளில் அவர் செத்தபோது, அந்த மந்தைதான் பள்ளத்தாக்கையே ஒரு கூட்டத்தில் உட்கார வைத்தது.

அந்தக் கூட்டம் ஐரா பாப்காக் என்ற மிஷன் மருத்துவரை நீதிபதியாக்கி, சொத்தைப் பைசல் செய்யும் பொறுப்பைக் கொடுத்தது. எந்தச் சட்டப்படி? நியூயார்க் மாநிலச் சட்டப்படி. கண்டத்தின் மறு கோடியில் உள்ள மாநிலத்துச் சட்டம்! கூடவே, ஓரிகனுக்கென்று ஒரு சட்டம் எழுத ஒரு குழுவும் போட்டார்கள். அதற்குத் தலைவர் கத்தோலிக்கக் குரு பிளான்ஷே. ஜூனில் கூட்டம் மீண்டும் கூடியபோது, குழு ஒருமுறைகூடக் கூடவில்லை என்று அவர் அறிக்கை தந்தார். பிரெஞ்சு கனடியர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் ஒன்றில் ஆசையில்லை, அவ்வளவுதான். யங்கின் சொத்து பைசல் ஆனது, அரசாங்கப் பேச்சு ஆறிப்போனது.

அதை மறுபடி சூடாக்கியது ஓநாய். மாடு பெருகினால் ஓநாயும் வரும்தானே. 1843 பிப்ரவரி 2-ம் தேதி விலங்குத் தொல்லையைப் பேச ஒரு கூட்டம். மார்ச் 6-ம் தேதி ஜோசஃப் ஜெர்வே என்ற பிரெஞ்சு கனடியர் வீட்டில் அடுத்தது. சிறிய ஓநாய்க்கு 50 சென்ட், பெரிய ஓநாய்க்கு 3 டாலர், கரடிக்கு 2 டாலர், மலைச் சிங்கத்துக்கு 5 டாலர் என்று வெகுமதி நிர்ணயித்தார்கள். அதே விலங்கைப் பழங்குடி ஒருவர் கொன்று வந்தால் பாதித் தொகை. ஓரிகனில் பொதுப் பணத்துக்கு எழுதப்பட்ட முதல் விலைப்பட்டியலிலேயே இந்தப் பாதிக் கணக்கு ஏறிவிட்டது. பின்னால் வரப்போகும் சட்டங்களைப் படிக்கும்போது இது நினைவில் இருப்பது நல்லது.

ஓநாய்க் கூட்டத்துக்கு யாரும் 'வேண்டாம்' சொல்லமாட்டார்கள். பிரிட்டிஷ் ஓநாய், அமெரிக்க ஓநாய் என்றா இருக்கிறது? அமெரிக்க அரசாங்கம் வேண்டும் என்றவர்கள் அதைத் தெரிந்துதான் செய்தார்கள். வெகுமதி, சந்தா, கணக்குப் பிள்ளை எல்லாம் முடிவானதும், 'குடியேற்றத்தின் சிவில், ராணுவப் பாதுகாப்பு' பற்றி யோசிக்க 12 பேர் குழு ஒன்றைச் சத்தமில்லாமல் நிறைவேற்றிக்கொண்டார்கள். அந்தக் குழுவின் அறிக்கையை முடிவு செய்யத்தான் மே 2-ம் தேதி வில்லாமெட் ஆற்றங்கரையில் ஷாம்பூயி என்ற இடத்தில் கூடினார்கள்.

ஷாம்பூயி கூட்டம் ஓரிகன் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். குரல் வாக்கெடுப்பில் குழப்பம். முன்னாள் வேட்டைக்காரர் ஜோ மீக், பிரிந்து நில்லுங்கள் என்று கத்துகிறார். 52 பேர் ஒரு பக்கம், 50 பேர் மறுபக்கம். இரண்டே வாக்கில் ஓரிகன் அமெரிக்கா பக்கம் சாய்கிறது. நல்ல நாடகம். ஆனால் கூட்டத்தின் பதிவேட்டில் அந்த எண்ணிக்கை இல்லை. பல ஆண்டுகள் கழித்து, கலந்துகொண்டவர்களின் நினைவிலிருந்து வந்தது அது. இன்னொரு கதையும் உண்டு. அமெரிக்கச் சட்டம் வந்தால் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் வரி போடுவார்கள் என்று எத்தியென் லூசியே என்ற பிரெஞ்சு கனடியர் பயந்தாராம்; ஃபிரான்சுவா மாத்தியூ என்ற நண்பர் அது வதந்தி என்று விளக்கி, இருவரும் சேர்ந்து 'அமெரிக்க' பக்கம் போனார்களாம். இதைச் சொன்னவர் மாத்தியூவேதான். எண்ணிக்கையைவிட இந்த ஜன்னல் கதையை நம்பலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு அரசாங்கம் வேண்டுமா என்று கேட்டால் சாதாரண விவசாயி முதலில் கேட்பது வரியைப் பற்றித்தானே.

ஜூலை 5-ம் தேதி ஏற்கப்பட்ட அடிப்படைச் சட்டத்தில் வரியே இல்லை, விரும்பியவர்கள் சந்தா கொடுக்கலாம். ஆளுநருக்குப் பதில் மூவர் குழு. அயோவா பிரதேசத்தின் (பிரதேசம் என்பது மாநிலமாவதற்கு முந்தைய படி) சட்டப் புத்தகம் கைக்குக் கிடைத்ததால் அதையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டார்கள். அடிமை முறைக்குத் தடை. ஒவ்வொருவருக்கும் 640 ஏக்கர் வரை நில உரிமை. நிலப் பிரிவில் இரண்டு நுணுக்கங்கள் இருக்கின்றன. நகருக்கு ஏற்ற இடம், பெரிய நீர்வீழ்ச்சி போன்றவற்றில் யாரும் உரிமை கோரக்கூடாது. வில்லாமெட் நீர்வீழ்ச்சிப் பக்கம் நிலம் பிடித்திருந்த மெக்லாக்லினுக்கு வைத்த குறி இது. அதே மூச்சில், மத மிஷன்கள் ஏற்கெனவே கோரியிருந்த நிலம் ஆறு மைல் சதுரம் வரை இருந்தாலும் செல்லும் என்றார்கள். எழுதியவர்களில் மெதடிஸ்ட்டுகள் எத்தனை பேர் என்று சொல்லவே தேவையில்லை.

அந்த இலையுதிர்காலத்தில்தான் பெரிய வண்டிக் கூட்டம் வந்தது. மே மாதம் மிசூரியின் இண்டிபெண்டன்ஸ் ஊர்ப் பக்கத்திலிருந்து கிளம்பிய ஆயிரம் பேர் அளவிலான கூட்டம், நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகள். பயணத்தின் கொடூரமான பகுதி கடைசியில், கொலம்பியா ஆற்றில் படகு ஏறிய பிறகு இருந்தது. ஆப்பிள்கேட் குடும்பத்தின் படகு கவிழ்ந்து, ஜெஸ்ஸியின் ஒரு மகனும் அவர் அண்ணன் லிண்ட்ஸேயின் ஒரு மகனும் கண்ணெதிரே மூழ்கிப்போனார்கள். ஆற்றைத் தொடாமல் ஒரு வழி கண்டே தீருவது என்று சகோதரர்கள் 1846-ல் தெற்குப் பாதையைத் திறந்தார்கள். அதே ஆண்டு சாம் பார்லோ ஹூட் மலையைச் சுற்றி வேறொரு சாலை போட்டு, வண்டிக்கு 5 டாலர் சுங்கம் வாங்கினார். வந்து சேர்ந்தவர்களில் பலரிடம் விதை நெல்லுக்கு ஈடான கோதுமைகூட இல்லை. மெக்லாக்லின் கம்பெனி கிடங்கிலிருந்து கடன் கொடுத்தார். லண்டன் அதை ரசிக்கவில்லை.

1845-ல் ஜெஸ்ஸி ஆப்பிள்கேட் சட்டத்தைத் திருத்தும்போது எழுதிய உறுதிமொழி எனக்குப் பிடித்தமான ஆவணம். அமெரிக்கக் குடிமகன் அல்லது பிரிட்டிஷ் குடிமகன் என்ற கடமைக்கு முரண்படாத அளவுக்கு இந்த அரசாங்கத்தை ஆதரிப்பேன் என்பது அதன் சாரம். இந்த ஒரு வரியால் ஹட்சன் பே கம்பெனியே அந்த அரசாங்கத்துக்குள் வந்து, வரியும் கட்டத் தொடங்கியது. உலக வல்லரசுகள் இரண்டும் போருக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஆண்டு அது! அடுத்த ஆண்டு ஜூன் 15-ல் 49-வது இணைகோட்டை எல்லையாக வைத்து ஒப்பந்தம் ஆனது. இன்றைய ஓரிகன் முழுதும் அமெரிக்காவுக்கு வந்தது.

இதே நெளிவு சுளிவு கறுப்பர்கள் விஷயத்தில் எழவில்லை. 1844 மார்ச்சில் ஓரிகன் சிட்டியில் ஒரு குதிரைக்காகத் தகராறு. காக்ஸ்டாக் என்ற பழங்குடி ஆள், ஒரு கறுப்பினக் குடியேறிக்கு வேலை செய்து கூலியாகக் குதிரை பேசியிருந்தார். குதிரை இன்னொரு கறுப்பினத்தவருக்கு விற்கப்பட்டுவிட்டது. முடிவில் கைகலப்பாகி காக்ஸ்டாக்கும் இரண்டு வெள்ளையரும் இறந்தார்கள். ஜூனில் பீட்டர் பர்னெட் கொண்டுவந்த சட்டம் கறுப்பின ஆண்கள் இரண்டு ஆண்டுக்குள், பெண்கள் மூன்று ஆண்டுக்குள் ஓரிகனை விட்டு வெளியேற வேண்டும் என்றது. போகாவிட்டால் 20 முதல் 39 கசையடி. சில மாதத்தில் கசையடியை நீக்கினார்கள். அமலுக்கு வரும் முன்பே, 1845-ல், சட்டமும் ரத்தானது. ஆனால் 1849-ல் வேறு வடிவில் திரும்பி வந்தது. பர்னெட் பின்னாளில் கலிஃபோர்னியா மாநிலத்தின் முதல் ஆளுநரானார். அங்கேயும் இதே யோசனையை முன்வைத்தார்.

1844 வண்டிக் கூட்டத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் புஷ் வந்தார். மிசூரியில் வசதியாக வாழ்ந்த, அடிமையல்லாத கறுப்பினத்தவர். கூட வந்த வெள்ளைக் குடும்பங்களுக்கு வழிச் செலவுக்கு உதவியவர். சட்டம் தெரிந்ததும் அவரும் நண்பர்களும் வில்லாமெட்டை விட்டுவிட்டு, சட்டம் எட்டாத கொலம்பியாவின் வடபுறம் போய்க் குடியேறினார்கள். இந்தக் குடியேற்றத்தால்தான் இன்றைய வாஷிங்டன் மாநிலம் அமெரிக்காவுக்குக் கிடைத்தது என்று சிலர் எழுதுவது மிகை. ஆனால் வடக்கே விளைச்சல் குறைந்த காலத்தில் புஷ்ஷின் தானியம் பல குடும்பங்களைக் காப்பாற்றியது உண்மை. இருந்தும் அவர் நிலத்துக்குப் பட்டா கிடைக்க, 1855-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அவருக்காகத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

அமெரிக்கா எல்லையை வாங்கியும், ஓரிகனை முறைப்படி ஒரு பிரதேசமாக்காமல் இரண்டு ஆண்டு ஓட்டியது. 1847 நவம்பர் 29-ல் வயிலாட்பு என்ற இடத்தில், தட்டம்மையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த கயூஸ் மக்களில் சிலர், மிஷனரி மருத்துவர் மார்கஸ் விட்மனையும் அவர் மனைவியையும் இன்னும் பத்துக்கு மேற்பட்டோரையும் கொன்றார்கள். மருத்துவரின் மருந்தில் வெள்ளைப் பிள்ளைகள் பிழைக்க, தங்கள் பிள்ளைகள் செத்தது அவர்களுக்கு விஷமாகத் தெரிந்தது. பிணைக்கைதிகளாக இருந்தவர்களில் ஜோ மீக்கின் மகளும் இறந்துபோனாள். செய்தியோடு மீக் பனிக்காலத்தில் கண்டம் கடந்து வாஷிங்டன் போனார். அதிபர் போல்க்கின் மனைவி அவருக்கு உறவு. 1848 ஆகஸ்ட் 14-ல் பிரதேசச் சட்டம் கையெழுத்தானது. புதிய ஆளுநர் ஜோசஃப் லேனும் மீக்கும் வந்து ஆட்சியை அறிவித்தது 1849 மார்ச் 3; மறுநாள் போல்க்கின் பதவிக்காலம் முடிந்தது.

பணம் என்ற ஒன்றே அங்கே பற்றாக்குறைதான். 1845-ல் கோதுமையைச் செல்லுபடியாகும் பணம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். மூவர் குழுவுக்குப் பின் வந்த ஆளுநர் ஜார்ஜ் அபர்நெத்தி தன் கடையில் சில்லறைக்குப் பதில், தொகை எழுதிய காகிதம் ஒட்டிய சிக்கிமுக்கிக் கல் துண்டுகளைக் கொடுத்தார். கலிஃபோர்னியத் தங்கத் தூள் வந்து குவிந்ததும் 1849-ல் எட்டு பேர் சேர்ந்து, பீவர் படம் போட்ட 5, 10 டாலர் தங்க நாணயங்களை அச்சிட்டார்கள். 5 டாலர் காசில் பிரதேசத்தின் எழுத்துகளே இடம் மாறி விழுந்திருந்தன. ஆனால் தங்கம் கலப்படமில்லாதது. முக மதிப்பைவிடக் கூடுதல் தங்கம் இருந்ததால் கைக்கு வந்தவர்கள் உருக்கிவிட்டார்கள். இன்று அந்தக் காசுகள் மிக அரிது.

எல்லாவற்றையும் தீர்மானித்தது 1850 செப்டம்பர் 27-ன் நிலக் கொடைச் சட்டம். அந்த ஆண்டு டிசம்பருக்குள் வந்துவிட்ட வெள்ளையருக்கும் வெள்ளை, பழங்குடிக் கலப்பினத்தாருக்கும், மணமாகாத ஆணுக்கு 320 ஏக்கர், தம்பதிக்கு 640. பாதி மனைவி பெயரிலேயே. அமெரிக்காவில் மணமான பெண்கள் பலருக்குச் சொத்துரிமையே இல்லாத காலத்தில் இது பெரிய விஷயம். கூடவே, இன்னொரு 320 ஏக்கருக்காகச் சின்னஞ்சிறு பெண்களைக் கட்டிக்கொள்ளும் வழக்கத்தையும் அது கிளப்பிவிட்டது. சுமார் 7,400 பேருக்கு 25 லட்சம் ஏக்கர் போனது. அந்த நிலத்தை அரசு அதன் பழைய சொந்தக்காரர்களிடமிருந்து வாங்கியிருக்கவே இல்லை. 1851-ல் பழங்குடிகளோடு செய்த 19 ஒப்பந்தங்களில் ஒன்றைக்கூட செனட் ஏற்கவில்லை. கலபூயாக்களுடன் ஒப்பந்தம் 1855-ல்தான் வந்தது. அதற்குள் அவர்கள் நிலத்தில் வேலிகள் நின்றன.

அதே சட்டத்தின் 11-வது பிரிவு மெக்லாக்லினின் ஓரிகன் சிட்டி நிலத்தைப் பறித்தது. எழுதியவர் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஓரிகனின் பிரதிநிதியான சாமுவேல் தர்ஸ்டன். கடன் கொடுத்துக் காப்பாற்றியவர், கத்தோலிக்கர், பிரிட்டிஷ்காரர்; இதில் கடைசி இரண்டுதான் எடுபட்டன. மெக்லாக்லின் 1851-ல் அமெரிக்கக் குடிமகனானார். 1857-ல் அதே ஊரில் இறந்தார். நிலத்தை வாரிசுகளுக்கு ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டு 1862-ல் மாநிலம் திருப்பிக் கொடுத்தது. 1957-ல் அவருக்கு 'ஓரிகனின் தந்தை' என்று பட்டமும் கொடுத்தார்கள்.

1857 நவம்பரில் மாநிலத்துக்கான அரசியல் சட்டம் வாக்குக்கு வந்தது. அடிமை முறை வேண்டுமா? 2,645 பேர் வேண்டும், 7,727 பேர் வேண்டாம். விடுதலை பெற்ற கறுப்பர்கள் உள்ளே வரலாமா? 8,640 பேர் வரக்கூடாது, 1,081 பேர் வரலாம். அடிமை முறையை எதிர்த்தவர்களைவிடக் கறுப்பரையே எதிர்த்தவர்கள் அதிகம். பெரும்பண்ணைகளோடு போட்டியும் வேண்டாம், கூலிக்கும் நிலத்துக்கும் புதிய பங்காளிகளும் வேண்டாம் என்ற சிறு விவசாயியின் கணக்கு அது. இந்தப் பிரிவோடுதான் 1859 பிப்ரவரி 14-ல் ஓரிகன் மாநிலமானது. இந்த வகைச் சட்டங்களின் கீழ் வெளியேற்றப்பட்டதாகப் பதிவில் இருப்பவர் ஒருவரே, 1851-ல் ஜேக்கப் வாண்டர்பூல். ஆனால் வராமலே போனவர்களுக்குப் பதிவு ஏது? தடைப் பிரிவை 1926-ல் நீக்கினார்கள். கறுப்பருக்கு வாக்குரிமை தரும், அமெரிக்க அரசியல் சட்டத்தின் 15-வது திருத்தத்தை ஓரிகன் ஏற்றது மாநிலத்தின் நூற்றாண்டான 1959-ல். அரசியல் சட்டத்தில் மிச்சமிருந்த இனப் பாகுபாட்டுச் சொற்களை எடுத்துவிட 2002-ல் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. அது நிறைவேறியது, நூற்றுக்குச் சுமார் 29 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள்.